மேக்கப், நிறம், அழகு: கல்யாண மேக்கப் செய்பவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பார்லர் வைத்திருக்கிறேன், முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்கள், போனில் கேட்பவர்கள், பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு கேட்பது என்று வருகிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

மேக்கப் போடுவது தப்பா அக்கா?

இல்லை. போடாமல் இருப்பதும் தப்பில்லை. காலையில் பூசி ராத்திரி கழுவினால் போய்விடுகிற விஷயத்துக்கு யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. பல வீடுகளில் பெண் லிப்ஸ்டிக் போட்டால் "எதுக்கு இந்த வேஷம்" என்று திட்டுவார்கள். அதே வீட்டில் அவள் எட்டாவது படிக்கும்போதே முகம் வெளுக்கிற க்ரீமை மாத மளிகையோடு சேர்த்து வாங்கிக் கொடுப்பார்கள். லிப்ஸ்டிக் உதட்டின் மேலே உட்கார்ந்துவிட்டுப் போகிறது. வெளுக்கிற க்ரீம் அந்தப் பெண்ணிடம் "உன் தோல் சரியில்லை" என்று தினமும் இரண்டு வேளை சொல்கிறது, மோசமான க்ரீமாக இருந்தால் தோலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. பயப்பட வேண்டியதைக் கொண்டாடுகிறோம், பயப்பட வேண்டாததைத் திட்டுகிறோம். கீழே இருக்கிற பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

இயற்கையாக இருப்பதுதானே அழகு?

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும், முகத்தில் பரு தெரியக் கூடாது, கண்ணுக்குக் கீழே கருவளையம் கூடாது, மீசை முடி கூடாது, தலைமுடி பறக்கக் கூடாது, ஆனால் மேக்கப் போட்டதும் தெரியக் கூடாது என்று எதிர்பார்ப்பவர்கள். அது இயற்கை இல்லை, நேரமும் காசும் செலவழித்து வருகிற ஒன்று, அந்தச் செலவு மட்டும் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்கிறார்கள். உண்மையாகவே எதுவும் பூசாமல் இருப்பது உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக இருங்கள். அடுத்தவளுக்கு அதை விதியாகச் சொல்லாதீர்கள்.

பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டிவிட முடியுமா? மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் சிவப்பு.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பது அனேகமாக அம்மாவோ அத்தையோ, பெண் அல்ல. முடியாது என்றுதான் பதில் சொல்கிறேன். கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில் ரீதியாகவே அது மோசமான வேலை. சொந்த நிறத்தைவிட இரண்டு மூன்று ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷன் போட்டால், மாநிறமும் கருப்பும் உள்ள தோலில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். வெளிர் ஷேடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளை நிறமி அதிகம், அடியில் இருக்கிற பழுப்பு நிறத்தோடு அது ஒட்டாது. மேடையில் எல்ஈடி லைட்டும் கேமரா ஃப்ளாஷும் அடிக்கும்போது இன்னும் வெளிறும். கழுத்து ஒரு நிறம், காது ஒரு நிறம், தாலி கட்டும்போது குனிந்தால் முதுகு ஒரு நிறம். மருதாணி வைத்த கை முகத்துக்குப் பக்கத்தில் வரும்போது வேறு யாருடைய கையோ போல இருக்கும். அந்த ஆல்பத்தை அவள் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

சரியான முறை, ஷேடைத் தாடை ஓரத்தில் தடவி, கடை லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது. எது தோலில் காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. கருவளையத்தின் மேல் வெள்ளையாகக் கன்சீலர் அப்பாமல், முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டர் கொஞ்சம் வைத்தால் அந்த நீலக் கருமை அடங்கும். கருப்பான பெண்ணுக்கு அவள் நிறத்திலேயே தளம் போட்டு, செங்கல் சிவப்பிலோ திராட்சை நிறத்திலோ லிப்ஸ்டிக் வைத்து, கண்ணுக்கு நன்றாக மை தீட்டினால் பட்டுப்புடவைக்கும் தங்கத்துக்கும் நடுவில் அவள் ஜொலிப்பது போல யாரும் ஜொலிக்க மாட்டார்கள். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

சிவப்பு மேல் ஆசை நம் ரத்தத்திலேயே இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது?

ரத்தத்தில் இல்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகைச் சொல்ல மாமை என்ற சொல் திரும்பத் திரும்ப வரும், மாந்தளிரின் கருமை கலந்த நிறம் அது. காதலன் பிரிந்த கவலையில் அவள் மேனி வெளிறிப் போவதற்குப் பசலை என்று பெயர், அதை அவளுக்கு வந்த நோயாகப் பாடினார்கள். திருக்குறளில் 119-ஆவது அதிகாரம் முழுக்க இந்தப் பசப்பைப் பற்றிய புலம்பல்தான். அழகு போனதன் அடையாளம் வெளுப்பு. நாம் கும்பிடுகிற திருமால் கருப்பு, காளி கருப்பு.

அப்புறம் எங்கிருந்து வந்தது என்றால், வெயிலில் உழைப்பவர் தாழ்ந்தவர், நிழலில் இருப்பவர் உயர்ந்தவர் என்ற எண்ணம், நிறத்தை வைத்துச் சாதியை ஊகிக்கிற கெட்ட பழக்கம், வெள்ளைக்காரர் ஆட்சி, பிறகு சினிமாவும் விளம்பரமும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது 1975-இல். கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, வரன் அமையாது, க்ரீம் பூசினால் எல்லாம் கிடைக்கும் என்ற கதையைப் பல வருஷங்கள் அதன் விளம்பரங்களில் பார்த்தே வளர்ந்தோம். சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் கருப்பும் அழகுதான் என்று ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. கருப்பு நிறத்தவரைத் தாழ்வாகவோ சோகமாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் விதி போட்டது. 2020-இல் அந்த க்ரீமின் பெயரே க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. ஆக, ஒருவர் ஆயுளுக்குள் பெரிதாக வளர்க்கப்பட்டது ஒருவர் ஆயுளுக்குள் தேயவும் செய்யும். ஆனால் கல்யாண விளம்பரத்தில் 'நல்ல நிறம்' என்று எழுதுவதை நாம்தான் நிறுத்த வேண்டும், அதை எந்த கம்பெனியும் நமக்காகச் செய்யாது.

க்ரீம் பூசினால் நிஜமாகவே சிவப்பு ஆகுமா?

பிறந்த நிறத்தைத் தாண்டி நிரந்தரமாக ஆகாது. மெலனின் எவ்வளவு சுரக்கும் என்பது பரம்பரை. வெயிலில் கருத்தது கொஞ்சம் தெளியும், அதற்கு சன்ஸ்க்ரீனும் பொறுமையும் போதும். பெரிய கம்பெனிகளின் சாதாரண க்ரீம்களில் பொதுவாக இருப்பது நியாசினமைடு, வெயில் தடுப்பான் போன்றவை. அவை பெரிய கெடுதல் செய்யாது, பெரிய அதிசயமும் செய்யாது.

பயப்பட வேண்டியது ஏழே நாளில் வெளுக்க வைக்கிற க்ரீம்களுக்கு. பேன்ஸி ஸ்டோரிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிற, தயாரித்தவர் விலாசமோ சேர்மானமோ இல்லாத டப்பாக்கள், வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்து தருகிற க்ரீம்கள். இவற்றில் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் வேகமாக வெளுக்கும், நம்பிக்கை வரும். ஆனால் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்தில் புரதம் கசியும் ஒரு வகை நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிதான ஒரு வகை, அந்த 15-இல் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது என்று போனவர்களுக்குக் காரணம் முகத்தில் பூசிய க்ரீம் என்று தெரிய வந்தது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையில், அழகுசாதனத்தில் பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நாடுகள் முதலில் ஒப்புக்கொண்டன, 2023-இல் அதைச் சேர்க்கவே கூடாது என்று முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் இருக்கிறது. வீட்டில் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: "தங்கம், வெள்ளி, அலுமினியம் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று டப்பாவில் எழுதியிருந்தாலே அதைக் கீழே வையுங்கள். பாதரசம் உலோகத்தோடு சேரும், அதனால்தான் அந்த எச்சரிக்கை.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், ஒரே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. நல்லதுதானே?

தயவுசெய்து அந்த ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்த ட்யூபை மங்குக்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பார், அதைத்தான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் பளபளப்பு. பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், முடி முளைக்கும், பரு கொப்பளிக்கும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் எல்லாம் இன்னும் அதிகமாகும், பயந்து மறுபடி பூசுவார்கள். 2018-இல் இந்த ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு பட்டியலில் சேர்த்தது. இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வேதனை. திடீரென்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள், மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

இந்த மாதிரி முகத்தோடு கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வருகிறார்கள். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த மேக்கப் போட்டாலும் நிற்காது.

குளூட்டதயோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். வெளுப்பதற்கென்று ரத்தத்தில் ஏற்றுவதற்கு இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. பார்லரில் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், ஊசி போடுவது எங்கள் வேலையே இல்லை.

கழுத்து மட்டும் கருப்பாக, தடிப்பாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

தேய்ப்பதை நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கருப்பது பல நேரம் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. பெண்களுக்கு நீர்க்கட்டிப் பிரச்சினையோடு சேர்ந்தும் வரும். ப்ளீச் கேட்டு வருகிறவர்களிடம் சர்க்கரை டெஸ்ட் எடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருந்தால் "கழுத்தைக் கழுவு" என்று திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. ஃபேஷியல் செய்தால் போகுமா?

போகாது, சூடான ஆவியும் அழுத்தித் தேய்ப்பதும் அதை அதிகமாக்கவும் செய்யலாம். கர்ப்பம், ஹார்மோன், வெயில் மூன்றும் சேர்ந்து வருவது. தினமும் சன்ஸ்க்ரீன்தான் அடிப்படை. எஸ்பிஎஃப் 30 போதும், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும், பொட்டு பொட்டாக வைத்தால் பலன் இல்லை. மங்கு இருப்பவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது, அதில் இருக்கிற இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும். கருப்பானவர்களுக்கு சன்ஸ்க்ரீன் தேவையில்லை என்பது தவறு, மங்கு அதிகம் வருவதே நம்மைப் போன்ற தோலில்தான்.

பாட்டி காலத்துப் பொருள்கள் எல்லாம் பாதுகாப்பானவைதானே? மஞ்சள், பொட்டு, மை, மருதாணி?

சிலது ஆம், சிலது இல்லை. அரைத்த மருதாணி இலை பாதுகாப்பானது, நிறம் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை வரும், அதற்கு மணிக்கணக்காகும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற கோனில் தலைமுடி டையில் இருக்கிற பிபிடி ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் ஆயுளுக்கும் டை போட முடியாமல் போகலாம். டை போடுபவர்கள் முழங்கை மடிப்பில் துளி வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் அரிப்போ வெள்ளைத் திட்டோ வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். சில பசைகளில் இருக்கிற ஒரு பினால் வகை ரசாயனம் அந்த இடத்தின் நிறத்தையே அழித்துவிடும். மஞ்சள் என்றால் கஸ்தூரி மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரையுங்கள், கடையில் கிடைக்கிற பளிச்சென்ற பொடியில் ஈயம் கலந்த சாயம் சேர்ப்பது உண்டு. கண்மையை அக்கா தங்கை தோழி என்று ஒரே பென்சிலில் போடாதீர்கள், மெட்ராஸ் ஐ பரவ அதைவிட எளிய வழி இல்லை. பச்சைக் குழந்தை கண்ணில் மை இழுக்கவே வேண்டாம். திருஷ்டிக்கு வேண்டுமென்றால் பாதத்தில் ஒரு பொட்டு வையுங்கள்.

மகளுக்கு 15 வயது, லிப்ஸ்டிக் கேட்கிறாள். என்ன செய்வது?

நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். மறுத்தால் தோழியிடம் வாங்கிப் போடுவாள், அது யார் யார் போட்டதோ. ராத்திரி கழுவாமல் தூங்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாக இருங்கள். பள்ளியில் கூடாது என்றால் கூடாது, ஞாயிற்றுக்கிழமை போடட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆசைக்குப் போடுகிறாளா, அல்லது அது இல்லாமல் கேமரா முன்னால் வரவே பயப்படுகிறாளா. இரண்டாவது என்றால் பேச வேண்டியது லிப்ஸ்டிக்கைப் பற்றி அல்ல, யார் அவளிடம் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி.

அப்பா தவறிய பிறகு அம்மா பொட்டும் வைப்பதில்லை, பூவும் வைப்பதில்லை. என் கல்யாணத்துக்காவது அலங்காரம் செய்துவிட முடியுமா?

இந்தக் கேள்விக்கு உடனே வருகிறேன் என்று சொல்வேன். சின்ன வயதிலிருந்து வைத்த பொட்டைப் புருஷன் போன அன்று அழித்துவிடு என்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. 2022-இல் மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமசபை, கணவர் இறந்ததும் குங்குமம் அழிப்பது, வளையல் உடைப்பது போன்ற சடங்குகளை நிறுத்தத் தீர்மானம் போட்டது. ஒரு கிராமம் கூடிச் செய்ய முடிந்ததை ஒரு வீடு செய்யலாம்.

ஆனால் அம்மாவிடம் முதல் நாளே கேளுங்கள். கூட்டத்தில் வைத்து வற்புறுத்தினால், யார் என்ன சொல்வார்களோ என்று அவர் கூனிப் போய் நிற்பார். சிலர் கருப்பு சாந்து மட்டும் போதும் என்பார்கள், சிலர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மல்லிகையும் கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். மூன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்கள் மேக்கப் போடலாமா?

போடலாம், போடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு லேசாகத் தளம் போடச் சொல்லிக் கேட்காத கல்யாணம் இப்போது குறைவு. தெருக்கூத்தில் முகம் எழுதிக்கொள்ளும் ஆண்களை நூற்றாண்டுகளாகப் பார்த்த ஊர் இது. ஆண்களுக்கென்றே வெளுக்கும் க்ரீம் 2005-இல் வந்தது, அதற்கும் மேலே சொன்னதுதான் பொருந்தும். திருநங்கைகளுக்குச் செய்ய மாட்டோம் என்று சில பார்லர்களில் சொல்கிறார்கள், அது அநியாயம். வாங்க, என் நாற்காலி எல்லாருக்கும்தான்.

"மேக்கப் போட்டு ஏமாத்திட்டாங்க" என்று சொல்கிறார்களே?

பெண் பார்க்க வரும்போது வடையும் காபியும் கொடுத்து இருபது நிமிஷத்தில் ஆளை முடிவு செய்யும் முறையில்தான் கோளாறு. நாலு தடவை சாதாரணமாகச் சந்தித்துப் பேசியவர்களுக்கு எந்த மேக்கப்பும் அதிர்ச்சி தராது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தயாரிப்பாளர் முழு விலாசம், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல். இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும். இதில் எது விடுபட்டிருந்தாலும் வாங்காதீர்கள், விலை குறைவு என்பதற்காகக் கட்டாயம் வாங்காதீர்கள். மஸ்காராவை மூன்று நாலு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என் கல்யாணத்துக்கே எனக்கு மேக்கப் வேண்டாம். சாத்தியமா?

சாத்தியம், அப்படி உட்கார்ந்த பெண்களுக்குப் புடவை கட்டிவிட்டிருக்கிறேன். வீட்டில் பேசும் முன் புகைப்படக்காரரிடம் பேசுங்கள், ஃப்ளாஷ் நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்வார், எடிட்டிங்கில் தோலை வெளுக்கக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆல்பத்தில் வேறு யாரோ இருப்பார்கள். முகத்துக்கு மாய்ஸ்சரைசர், வெளியே ஊர்வலம் என்றால் சன்ஸ்க்ரீன், எண்ணெய் வழிந்தால் ஒற்ற ஒரு பருத்தித் துணி. ஹோமப் புகை கண்ணில் எரிச்சல் தரும், மை போடாதவர்களுக்குத் துடைப்பதற்கு அது ஒரு வசதி. அம்மா சம்மதிக்கவில்லை என்றால் என்னிடம் போனைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். தலைக்கும் புடவைக்கும் மட்டும் ஆள் வேண்டும் என்றால் அதற்கு மட்டும்தான் பணம் வாங்குவேன்.